பைக்காவல் சித்தாந்தம்: தனிப் பிரயாணம், கூட்டுப் பிரயாணம் ஆகியவற்றின் மூலகாரணம் குறித்து ஓர் ஆராய்ச்சி

மனிதன் தனியே பிரயாணம் செய்வது உத்தமமா, நாலு பேரோடு கூடிச் செய்வது உத்தமமா என்ற வினாவுக்கு, வேதாந்திகள் ஆத்ம விசாரத்தையும், கவிகள் இயற்கை ரசனையையும், குடும்பஸ்தர்கள் செலவுக் கணக்கையும் ஆதாரமாகக் காட்டி இதுகாறும் விடை சொல்லி வந்திருக்கிறார்கள் என்றாலும், இம்மூவரில் ஒருவரேனும் விஷயத்தின் வேரைத் தொட்டதாகத் தெரியவில்லை. வேர் எங்கே இருக்கிறது என்று அறிய விரும்புகிறவர், எழும்பூர் ரயில் நிலையத்தில், வண்டி புறப்பட இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கையில், பெரிய பை ஒன்றும் சிறிய பை ஒன்றுமாகத் தன்னந்தனியே பெஞ்சியில் அமர்ந்திருக்கும் ஒரு கனவான், அடுத்தடுத்து இரண்டு காப்பி குடித்த பலனாக மெல்ல நெளியத் தொடங்கும் சமயம் பார்த்து, அவருடைய முகத்தை உற்று நோக்கினால் போதும். அவர் முதலில் பையைப் பார்க்கிறார், பிறகு, தூரத்தில் ‘ஆண்கள்’ என்று எழுதியிருக்கும் பலகையைப் பார்க்கிறார், மீண்டும் பையைப் பார்க்கிறார், இறுதியில் பக்கத்தில் இருப்பவரை நோக்கி, “சார், இதைக் கொஞ்சம் பாத்துக்கிறீங்களா? இதோ வந்துடறேன்” என்கிறார். ஒரு விநாடிக்கு முன்பு வரையில் தனிப் பிரயாணியாக விளங்கியவர், இந்த வாக்கியம் முடிந்த மாத்திரத்தில், இருவர் அடங்கிய ஒரு கூட்டத்தின் ஸ்தாபக அங்கத்தினராகிவிடுகிறார்.

ஆகவே, கூட்டம் என்பது அன்பினாலோ, பயத்தினாலோ, பேச்சுத் துணையின் பொருட்டோ ஏற்பட்டதன்று, ஒருவன் எழுந்து போகும்போது அவனுடைய பையைப் பார்த்துக்கொள்வதற்காக ஏற்பட்டது என்பதே இக்கட்டுரையின் சித்தாந்தம். 1651-இல் ‘லெவையதன்’ என்ற நூலை வெளியிட்ட ஹாப்ஸ் என்பவர், மனிதர்கள் உயிருக்கு அஞ்சியே ஒப்பந்தம் செய்துகொண்டு சமூகமாக வாழத் தலைப்பட்டார்கள் என்றார். 1762-இல் ரூஸோ அந்த ஒப்பந்தத்துக்கு வேறொரு வியாக்கியானம் எழுதினார். இருவரும் ஆதி மனிதனைப் பற்றி விஸ்தாரமாகப் பேசினார்களே ஒழிய, அந்த ஆதி மனிதன் குளிப்பதற்காக ஆற்றில் இறங்கியபோது, கரையில் அவன் வைத்துவிட்டுப் போன முயலை யார் பார்த்துக்கொண்டார்கள் என்ற கேள்வியை இருவரில் எவரும் எழுப்பவில்லை.

நம்முடைய முன்னோர்களோ இவ்விஷயத்தில் தெளிவுள்ளவர்களாகவே இருந்திருக்கிறார்கள். பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுக்கள் வழி சொல்லும் ஆற்றுப்படைகளாக இருப்பதும், அவற்றுள் ஒன்றாகிய மலைபடுகடாம், கூத்தர் கூட்டத்தை மலைவழியே நன்னன் என்ற வள்ளலிடம் அனுப்புவதற்கு முன்னால், அவர்கள் பைகளில் கட்டிச் சுமந்து வந்த வாத்தியங்களை முதற்காரியமாக வரிசைப்படுத்திச் சொல்லுவதும் தற்செயலாக நேர்ந்தவை என்று நான் நினைக்கவில்லை. சிலப்பதிகாரத்தில் இந்தச் சாஸ்திரம் இன்னும் நுட்பமாகப் பயிலப்பட்டிருக்கிறது. ஒருவரை மற்றொருவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போவதற்கென்றே அடைக்கலக் காதை என்று ஒரு காதையை இளங்கோவடிகள் ஒதுக்கியிருக்கிறார்; கோவலன் தனியே மதுரை நகருக்குள் போகும்போது ஒற்றைச் சிலம்பை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைக் கண்ணகியிடமே விட்டுச் செல்கிறான். இரண்டையும் அவனே கொண்டுபோயிருந்தால், பின்னால் அரசவையில் உடைத்துக் காட்டி வழக்கை நிலைநாட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சியிராது. சாமான் முழுவதையும் ஒரே இடத்தில் வைக்கலாகாது என்ற பிரயாண விதிக்கு இதைவிடக் கனத்த பிரமாணம் எந்தத் தேசத்து இலக்கியத்திலும் அகப்படுவது அரிது.

பிற்காலத்தில் சென்னைச் சுப்ரீம் கோர்ட்டில் துபாஷி உத்தியோகம் பார்த்த ஏனுகுல வீராசாமி ஐயர், 1830-ஆம் வருஷம் மே மாதத்தில் காசிக்குப் புறப்பட்டபோது, சுமார் நூறு பேரை உடன் அழைத்துக்கொண்டு போய்ப் பதினைந்து மாதங்களுக்கு மேல் கழித்துத் திரும்பினார். ஒருவர் காசியைத் தரிசிப்பதற்கு நூறு பேர் எதற்கு என்று கேட்பவர்கள், அக்காலத்தில் அரிசி, பாத்திரம், படுக்கை முதலியவற்றோடு பல்லக்கும் பிரயாணச் சாமானில் சேர்ந்தது என்பதை மறந்துவிடுகிறார்கள். கலியாணப் பந்தலிலிருந்து குடையும் தடியும் விசிறியுமாகக் காசிக்குக் கிளம்பும் மாப்பிள்ளையோ இதற்கு நேர்மாறானவர். தனிவழிப் பிரயாணத்தில் இவரைப் போல் உறுதியோடு புறப்பட்டவரும் இல்லை, இவரைப் போல் சீக்கிரம் திரும்பியவரும் இல்லை. கையிலிருக்கும் மூன்று சாமான்களைப் பிடித்துக்கொள்ள ஆளில்லை என்பதைத் தெருமுனையில் உணர்ந்த பிறகுதான் மாமனாருடைய வேண்டுகோள் அவர் செவியில் விழுகிறது என்பது என் துணிபு.

அந்நிய தேசத்துச் சான்றுகளுக்குப் போவோம். 1325-இல் தம்முடைய இருபத்தொன்றாம் வயதில், துணைக்கு ஒருவரும் இல்லாமல் டாஞ்சியரை விட்டுப் புறப்பட்ட இபின் பதூதா, தனிப் பிரயாணிகள் தங்கள் குலகுருவாகக் கொண்டாடத் தக்கவர். ஆனால் அந்தத் தனிமை டூனிஸ் வரையில்கூட நீடிக்கவில்லை. அங்கே அவர் யாத்திரிகர் கூட்டம் ஒன்றில் சேர்ந்தார், சேர்ந்த உடனே அதற்குக் காஜியாக நியமிக்கப்பட்டார், சற்று தூரம் போவதற்குள் கூட வந்த ஒருவருடைய மகளுக்கு மணமகனானார், இன்னும் சற்று தூரம் போவதற்குள் மாமனாரோடு சண்டையிட்டு அந்தப் பெண்ணை விலக்கிவிட்டு வேறொரு பெண்ணை மணந்தார். கூட்டத்தில் சேர்ந்தால் பேச்சுத் துணை கிடைக்கும் என்று விளம்பரம் செய்கிறவர்கள், மாமனாரும் கிடைப்பார் என்பதைச் சேர்த்துச் சொல்வதில்லை.

தனிமையின் பக்கம் நின்று வாதாடியவர்களுள் ஹாஸ்லிட் என்ற ஆங்கிலக் கட்டுரையாசிரியர் முக்கியமானவர். 1822-இல் வெளியான கட்டுரையொன்றில், நடைப் பிரயாணத்துக்குத் தனியே போவதே சுகம் என்று அடித்துச் சொல்லுகிறார். சொன்னவர், வழியில் மற்றொருவரோடு பேசத் தகுந்த விஷயம் ஒன்று உண்டு, ராத்திரி சத்திரத்தில் என்ன சாப்பிடலாம் என்பதே அது என்று சற்றே கதவைத் திறந்துவிடுகிறார். அரேபியப் பாலைவனம் போன்ற இடங்களுக்குப் போவதானால் துணை வேண்டும் என்று முழுவதுமே திறந்துவிடுகிறார். இரண்டு இடங்களிலும் அவர் பையைப் பிரஸ்தாபிக்கவில்லை. பிரஸ்தாபித்திருந்தால் கட்டுரை இன்னும் சிறியதாக முடிந்திருக்கும்.

ஆனால் ஸ்டீவன்ஸன் என்ற எழுத்தாளருடைய விஷயம் வேறு. இச்சித்தாந்தம் முழுவதையும் அவர் தம்முடைய தேகத்தைக் கொண்டே பரீட்சித்துப் பார்த்தார் என்று சொல்லலாம். 1878-ஆம் வருஷம் இலையுதிர் காலத்தில் பிரான்ஸ் தேசத்துச் செவென் மலைப் பிரதேசத்தைத் தனியே கடந்துபோக உத்தேசித்த அவர், கூடாரம் வேண்டாம் என்று முதலிலேயே தீர்மானித்தார். ஏனெனில், கூடாரத்தை அடிப்பதும் கஷ்டம், பிரிப்பதும் கஷ்டம், மேலும் இங்கே ஒருவன் படுத்திருக்கிறான் என்று போகிறவர் வருகிறவர்களுக்கெல்லாம் அது பறைசாற்றிக்கொண்டே இருக்கும். அதற்குப் பதிலாக, வெளியே பச்சை நிறத்தில் தண்ணீர் புகாத வண்டித் துணியும் உள்ளே நீல நிற ஆட்டு ரோமமும் வைத்துத் தைத்த ஒரு பெரும் பையைச் செய்வித்தார். பகலில் அது சாமான் பை, இரவில் அதுவே படுக்கை. பையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாத குறையை, பைக்குள்ளேயே புகுந்து படுத்துக்கொள்வதன் மூலம் தீர்த்துவிட்ட இந்த மேதையின் யுக்திக்கு ஒரே ஒரு விக்கினம் நேர்ந்தது: பையைத் தூக்க முடியவில்லை. ஆகவே மாடஸ்டீன் என்ற கழுதை ஒன்றை அறுபத்தைந்து பிராங்கும் ஒரு கோப்பை பிராந்தியும் கொடுத்து வாங்கினார். பைக்கு ஆன செலவோ எண்பது பிராங்கும் இரண்டு கோப்பை பீரும் என்று அவரே கணக்கு எழுதியிருப்பதால், பையைச் சுமக்கும் ஜீவனைக் காட்டிலும் பைக்கே மதிப்பு அதிகம் என்ற உண்மை, ரூபாய் அணா பைசா சுத்தமாக இங்கே நிரூபணமாகிறது. பன்னிரண்டு நாள் முடிவில் மாடஸ்டீனை விற்றுவிட்டு, கோச்சு வண்டியில் போகும்போது அவர் கண்ணீர் விட்டார். பிரிந்தது கழுதையானாலும் கலைந்தது ஒரு கூட்டம் அல்லவா?

இத்தனை பிரமாணங்களையும் வைத்துக்கொண்டு பார்த்தால், தனியே பிரயாணம் செய்கிறவர்களுக்கென்றே தற்காலத்தில் ஏற்பட்டிருக்கும் கூட்டங்களின் தத்துவம் தானாக விளங்கும். ஒருவரையொருவர் முன்பின் அறியாத பன்னிரண்டு பேர், ஒவ்வொருவரும் தாம் தனிமையை நாடுவதாகச் சொல்லிக்கொண்டு, வெள்ளிக்கிழமை இரவு ஒரே வேனில் நெருக்கியடித்து ஏறிக் கொளுக்குமலைக்குப் போகிறார்கள். சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில் குலுங்கிக் குலுங்கி மேலே சேர்ந்து, தேயிலைத் தோட்டத்தின் விளிம்பில் வரிசையாக அடித்த கூடாரங்களில் தனித்தனியே நுழைந்துகொள்கிறார்கள். கூடாரத்தின் வாசல் ஒரு ஜிப். சிலர் அந்த ஜிப்பின் இரண்டு பிடிகளையும் சேர்த்துச் சின்னஞ்சிறு பூட்டு ஒன்றைப் போட்டுவிட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, சூரியோதயம் பார்க்கப் போகிறார்கள். துணியால் செய்த வீட்டுக்குப் பித்தளையில் பூட்டு! முதல் டீக்கடையில் ‘சார்’ என்றும் ‘மேடம்’ என்றும் அழைத்துக்கொண்டவர்கள் ராத்திரி அந்தாக்ஷரியில் ‘மச்சி’ என்று அழைத்துக்கொள்வதும், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஜீப் வாடகையைப் பங்கு பிரிக்கும்போது மறுபடியும் ‘சார்’ ஆகிவிடுவதும் விரிவாக ஆராயத் தக்கவை. தனியே புறப்படும் பெண்கள் இத்தகைய கூட்டங்களைத் தேடுவதற்குப் பையைக் காட்டிலும் கனத்த காரணங்களை ஊர் உண்டாக்கி வைத்திருக்கிறது. அது பரிகாசத்துக்கு உரிய விஷயமன்று, ஆதலால் அதை இங்கே தொடவில்லை.

அப்படியானால் கூட்டம் பெருகப் பெருகப் பைக்குப் பாதுகாப்பும் பெருகுமா என்றால், பெருகாது. பைக்குக் கிடைக்கும் கவனம் ஆள்களின் எண்ணிக்கைக்கு எதிர்விகிதத்தில் அமைகிறது. 1841 ஜூலை 5 அன்று, தாமஸ் குக் என்பவர் மதுவிலக்குக் கூட்டத்துக்காகச் சுமார் ஐந்நூறு பேரைத் தலைக்கு ஒரு ஷில்லிங் வீதம் லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்கு ரயிலில் அழைத்துச் சென்ற நாள் முதற்கொண்டு, கூட்டிச் செல்லும் நிர்வாகிகள் தலையை எண்ணுகிறார்களே தவிரப் பையை எண்ணுவதில்லை. நம்முடைய காசி–ராமேசுவரம் யாத்திரை பஸ்ஸிலும் இதே கதைதான். சமையற்காரர் உண்டு, ஸீட்டுக்கு அடியில் அடுப்பு உண்டு, பொழுது விடியுமுன் புளியோதரைப் பொட்டலம் உண்டு, வண்டி கிளம்புமுன் “எல்லாரும் வந்தாச்சா?” என்று ஒரு குரலும் உண்டு. நாற்பது பேரும் வந்துவிட்டார்கள்; பிரயாகையில் இறங்கிய சத்திரத்துத் திண்ணையில் வைத்த மஞ்சள் பை ஒன்று மட்டும் வரவில்லை, ஏனெனில் மற்ற முப்பத்தொன்பது பேரில் ஒருவர் எடுத்துக்கொண்டிருப்பார் என்று நாற்பது பேருமே நினைத்திருந்தார்கள். இபின் பதூதாவும் மதுரைக்கு வந்துவிட்டுத் திரும்பும் வழியில், மேலைக் கடலில், கொள்ளைக்காரர்களிடம் சகலத்தையும் பறிகொடுத்தது தனியே நடந்த காலத்தில் அல்ல, கப்பல் நிறைய ஜனங்களோடு போன சமயத்தில்தான்.

ஆகவே பைக்கு உகந்த காவல் ஒரே ஒருவர். அவரும் அறிமுகம் இல்லாதவராக இருப்பது விசேஷம், ஏனெனில் அறிமுகமானவர் பையைத் திறந்து முறுக்கை எடுத்துத் தின்னும் உரிமை பெற்றுவிடுகிறார். முன்பின் அறியாதவர் கொடுக்கும் பிஸ்கத்தைத் தின்னாதீர்கள் என்று ரயில்வேக்காரர்கள் எச்சரித்துக்கொண்டே இருப்பது வாஸ்தவம். ஆனால் நம்முடைய சித்தாந்தம் வாங்குவதைப் பற்றியதன்று, கொடுப்பதைப் பற்றியது. காவலரைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு சாஸ்திரம் இருக்கிறது. நம்மைவிட அதிகச் சாமான் வைத்திருப்பவரே சிரேஷ்டர்; தம்முடைய மூன்று பெட்டிகளையும் குடத்தையும் போட்டுவிட்டு நம்முடைய ஒரு பையோடு அவர் ஓடமாட்டார். டிபன் காரியரைத் திறந்து இப்போதுதான் முதல் அடுக்கை எடுத்து வைத்த அம்மாள் அதற்கு அடுத்தபடி. நாலு அடுக்கும் முடிய எப்படியும் கால் மணியாகும். பத்திரிகை படிப்பவர் கூடாது. தலையை ஆட்டுவார், பையைப் பாரார். சுவரில் இருக்கும் ஒற்றைப் பிளக்கில் செல்போனைச் செருகிவிட்டு அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்கும் வாலிபர் சகல லட்சணங்களும் பொருந்தியவர் என்று தோன்றும். ஆனால் அவரே தம்முடைய செல்போனை ஒப்படைக்க ஓர் ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

எஞ்சி நிற்பது ஒரே பிரச்சினை: போனவர் திரும்புமுன் காவலருடைய வண்டி வந்துவிட்டால் என்ன செய்வது? பையை விட்டுவிட்டுப் போவது தர்மமன்று, எடுத்துக்கொண்டு போவது திருட்டு. ஆதலால் பக்கத்தில் இருக்கும் மூன்றாமவரிடம் ஒப்படைப்பதே வழக்கமாக இருந்து வருகிறது. அவருடைய வண்டியும் வந்துவிட்டால் நான்காமவர் பொறுப்பேற்கிறார். போனவர், வாசலில் ஒரு காப்பியையும் கூடுதலாக முடித்துக்கொண்டு சாவகாசமாகத் திரும்பும்போது, தாம் ஒருபோதும் கண்டிராத ஒரு மனிதர், பையின் வாரைக் கையில் சுற்றிக்கொண்டு, “உங்க பைதானா? எங்கே, உள்ளே என்னென்ன இருக்குன்னு சொல்லுங்க பார்ப்போம்” என்று, பெஞ்சியில் உள்ள அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்படி கேட்கிறார். நியாயமான கேள்விதான், பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். அழுக்குத் துணிகளை முதலில் சொல்லித் தொலைத்துவிடுவதா, அல்லது முறுக்கில் தொடங்கிக் கடைசியில் சொல்வதா என்பதில் மட்டும் அனுபவஸ்தர்களிடையே அபிப்பிராய பேதம் நீடித்து வருகிறது.