பெரியப்பா பரணில் இருக்கிறார்

கே: மேண்டலினுக்கு அண்ணன், பெரியப்பா என்று யாராவது உண்டா?

ப: மேண்டோலா, மேண்டோசெல்லோ, மேண்டோபாஸ் என்று வரிசையாக இருக்கிறார்கள். சுருதிக் கணக்கெல்லாம் வயலின் குடும்பத்திடம் வாங்கியது. நூறு வருடத்துக்கு முன்பு அமெரிக்காவில் ஊருக்கு ஊர் மேண்டலின் ஆர்கெஸ்ட்ரா. கிப்ஸன் கம்பெனி குடும்பம் மொத்தத்தையும் செய்து விற்றது. மோகம் தீர்ந்ததும் பெரியப்பாவைப் பரணில் ஏற்றிவிட்டார்கள். பரணுக்குள் நுழைந்திருந்தால்!

கே: ஏன், அவ்வளவு பெரிதா?

ப: கிப்ஸனின் 'ஸ்டைல் ஜே' மேண்டோபாஸ் அகலத்திலேயே ஏறக்குறைய இரண்டடி. மடி தாங்காது, கம்பியால் தரையில் ஊன்றித்தான் வாசிக்க வேண்டும். சின்னவர்களுக்கு இரட்டை இரட்டையாக எட்டுத் தந்தி, இவருக்கு நாலே நாலு.

கே: பழைய மேண்டோசெல்லோ விலைக்கு வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது?

ப: விற்பவர் சொல்லும் கதையைக் கடைசியில் கேளுங்கள். முதலில் கழுத்தின் ஓரமாக ஒற்றைக் கண்ணை வைத்துப் பாருங்கள், வில்லாக வளைந்திருக்கிறதா என்று. கழுத்துக்குள் திருகி நிமிர்த்தும் கம்பியை கிப்ஸன் வைத்ததே 1920களில்தான். அதற்கு முந்தியது வளைந்திருந்தால் வைத்தியம் பெரிய செலவு. அடுத்து, குதிரைக்குக் கீழே மேல்பலகை அமுங்கியிருக்கிறதா? நூறு வருடம் எட்டுத் தந்தியின் இழுப்பைத் தாங்கிய பலகை அது. பிரேசில் ரோஸ்வுட் என்றால் இன்னும் ஜாக்கிரதை: 1992 முதல் சர்வதேசக் கட்டுப்பாட்டில் உள்ள மரம், காகிதம் இல்லாமல் எல்லை தாண்டாது. உறையும் கேட்டு வாங்குங்கள். இந்த அளவுக்குப் பெட்டி எந்தக் கடையிலும் தொங்காது.

கே: அரிய மேண்டலின் மலிவாகக் கிடைக்குமா?

ப: அமெரிக்க மேண்டலின் கலைஞர் பில் மன்றோவுக்குக் கிடைத்தது. கிப்ஸனின் வடிவமைப்பாளர் லாயிட் லோர் கையெழுத்திட்ட 1923ஆம் வருட கிப்ஸன் எஃப்-5, மயாமியில் ஒரு முடிதிருத்தும் கடையில், 150 டாலருக்கு. அதற்காக வாரம் ஒரு முறை முடி வெட்டிக்கொள்ள வேண்டாம்.

கே: மேண்டலின் சீனிவாஸ் வாசித்தது இந்தக் குடும்பத்தில் யாரை?

ப: மின் மேண்டலினை. இரட்டைத் தந்திகளை விட்டு ஒற்றைத் தந்திகளுக்கு வந்தார், பிறகு ஐந்தாவதாக ஒன்றையும் சேர்த்தார். கமகத்துக்கு இரண்டு தந்தியை ஒரே அளவில் இழுத்துப் பாருங்கள், காரணம் விரல் சொல்லும்.

கே: கரண்ட் இல்லாமல் பாஸ் வாசிக்க ஆசை. வழி?

ப: மெக்ஸிகோவின் கிதாரோன். தொப்பை பெருத்த உடம்பு, ஆறு தந்தி, மெட்டே கிடையாது. மரியாச்சி குழுக்களை நிமிர்த்தி வைப்பது அதுதான். எர்னி பால் என்ற அமெரிக்கர் டிஹுவானாவில் ஒன்றை வாங்கி நோண்டியதில் பிறந்தது, 1972இல் வந்த 'எர்த்வுட்' அகூஸ்டிக் பாஸ் கிடார். பார்க்க கம்பீரம். பக்கத்தில் நாலு கிடார் சேர்ந்தால் மட்டும் சத்தம் காணாமல் போகும்.

கே: ரஷ்யாவின் கான்ட்ராபாஸ் பாலலைக்கா வாங்கலாமா?

ப: முக்கோணம், மூன்று தந்தி, தோலால் ஆன மீட்டுகோல். வாசற்கதவை அளந்துவிட்டு ஆர்டர் கொடுங்கள்.

கே: இப்படி வாத்தியங்களைச் சேர்ப்பவர்கள் வாசிக்கவும் செய்வார்களா?

ப: நேரம் ஏது? பத்து மேண்டலின் என்றால் எண்பது தந்தி. பத்தாவதுக்குச் சுருதி சேர்த்து முடிப்பதற்குள் முதலாவது இறங்கியிருக்கும்.