பளபளக்கும் பர்னர்

பொங்கல் நெருங்கினால் சில வீட்டு ஆண்களுக்கு கேஸ் அடுப்பைக் கழற்றும் ஞானோதயம் பிறக்கும். பித்தளை பர்னரைப் புளித்தண்ணீரில் ஊறப்போட்டு, தேங்காய் நாரால் தேய்த்து, ஒவ்வொரு ஓட்டையிலும் ஊக்கை விட்டு, எப்போதோ பொங்கி வழிந்த பாலின் கருகலையெல்லாம் குடைந்தெடுப்பார்கள். புளியின் அமிலம் களிம்பைத் தின்றுவிடும். பர்னர் குத்துவிளக்காக மின்னும். உடனே ஒரு போட்டோ, குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு.

துண்டால் துடைத்ததெல்லாம் வெளியேதான். உள்ளே தண்ணீர் ஜம்மென்று உட்கார்ந்திருக்கும். கேஸ் காற்றோடு சரியாகக் கலந்தால்தான் நீலச் சுடர். வழியில் ஈரம் நின்றால் ஒரு பக்கம் படபடவென்று துப்பும், மறுபக்கம் மஞ்சளாக எரியும், குக்கர் அடியில் கரி அப்பும். "ரெகுலேட்டர் கோளாறு" என்று தீர்ப்பு வாசிக்கப்படும். அடுத்த சந்தேகம் சிலிண்டர் போடும் தம்பி மேல்: "14.2 கிலோவுல தண்ணிய கிண்ணிய கலந்துட்டானா?"

பர்னரைக் கவிழ்த்து நாலு தட்டுத் தட்டி, மொட்டைமாடி வெயிலில் அரை நாள் போட்டால் வேலை முடிந்தது. ஆனால் வெயில் இலவசமாயிற்றே, அதை யார் நம்புவது? பக்கத்து வீட்டு அண்ணன் ஹேர் டிரையரோடு படியேறிக்கொண்டிருக்கிறார்.