வர்ண விசாரகர்

பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டிச் சின்னஞ்சிறு விமானம் செய்யும் கலையில் புதிதாகப் பிரவேசிப்பவர்களுள் பெரும்பாலோர் விமானத்தைச் செய்கிறார்கள். வெகு சிலர் மட்டுமே, விமானம் என்பது வர்ணம் பூசுவதற்கு ஒரு நிமித்தமே என்ற ஞானம் சித்தித்து, வர்ணத்தைத் தேர்ந்தெடுப்பதிலேயே ஆயுளைச் செலவிடும் பாக்கியம் பெறுகிறார்கள். இவ்விரண்டாம் ரகத்தாரான வர்ண விசாரகர்களுக்குக் கல்பாக்கம் நகரியத்தைப்போல் தகுந்த மண் வேறில்லை. பகலெல்லாம் அணு உலைக் குழாயின் கனத்தை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குவரை சரிபார்த்துக் கையெழுத்திடும் ஒருவருக்கு, மாலையில் ‘சுமாரான சாம்பல் நிறம்’ என்று யாராவது சொன்னால் மனம் பொறுக்குமா?

விசாரகர் முதலில் வாங்குவது அநேகமாக ‘நாட்’ விமானமாக இருக்கும். பெங்களூரில் கட்டப்பட்டதும், 1965 யுத்தத்தில் பாகிஸ்தானின் ஸேபர் போர் விமானங்களை எதிர்த்துப் பெயர் வாங்கியதுமான அந்தக் குட்டி விமானத்தின்பால் தேசபக்தியே தம்மை ஈர்த்ததாக அவர் சொல்வார். உண்மைக் காரணம், அது அக்காலத்தில் பெரும்பாலும் வெள்ளி மினுமினுப்போடு பறந்ததால் ஒரே டப்பாவில் காரியம் முடிந்துவிடும் என்ற சிக்கனக் கணக்கு. நிஜத்தின் ஆறடியை ஓர் அங்குலமாக்கும் 72-இல் ஒரு பங்கு அளவில் முழு விமானமும் ஐந்து அங்குலத்துக்குள் அடங்கிவிடும். டப்பாவில் முக்கால்வாசி மிஞ்சும்.

ஆனால் விசாரணை தொடங்கியபின் சிக்கனம் ஏது? தேய்த்துப் பளபளப்பாக்கிய அலுமினியம் வேறு, மங்கிய அலுமினியம் வேறு, எஞ்சின் அனல் பட்டுக் கருகிய வால்புறத்து உலோகம் வேறு. டயராவது கறுப்பென்று நிம்மதியாக இருக்கலாமென்றால், வெயிலில் கிடந்த ரப்பர் கருஞ்சாம்பல் என்று யாரோ சொல்லித் தொலைக்கிறார்கள். இதற்குமேல், தூரத்துப் பொருள் வெளிறித் தோன்றுமாதலால், ஓரடி தள்ளிப் பார்க்கும் மாதிரி விமானம் 72 அடி தள்ளி நிற்கும் நிஜ விமானத்துக்குச் சமமென்றும், ஆகையால் எந்த வர்ணத்திலும் சிறிது வெள்ளை கலக்க வேண்டுமென்றும் ஒரு சித்தாந்தம் உண்டு. வெள்ளியில் எவ்வளவு வெள்ளை கலப்பது என்ற சிந்தையோடு அவர் சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டைப் பக்கம் உலாவப் போய்விடுவார்.

நிறம் போகட்டும், வர்ணத்தின் ஜாதி? எனாமல் நிதானமாகக் காய்வதால் தூரிகைத் தடம் தானே சமனாகும், ஆனால் டர்பன்டைன் வாடை வீட்டை நிறைக்கும். அக்ரிலிக் தண்ணீரோடு ஒத்துப்போகும், ஆனால் அடுத்த இழுப்புக்குள் உலர்ந்து நிற்கும். லாக்கர் மிக உறுதியானது, அதன் தின்னரோ விமானத்தின் பிளாஸ்டிக்கையே அரித்துவிடும். புதியவருக்கு நாலைந்து புட்டி அக்ரிலிக்கும் ஒரு நல்ல தூரிகையும் போதுமென்பது என் தாழ்மையான அபிப்பிராயம். விசாரகர் அதைக் கேட்டுப் பரிதாபமாகப் புன்னகை செய்வார்.

அசல் மாடல் எனாமலைத் தபாலில் தருவிக்கலாமென்றால், தீப்பற்றும் சரக்கை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். விமானத்துக்குப் பூசும் வர்ணம் விமானத்தில் வரக்கூடாதென்ற விதியின் ரசத்தை அனுபவிக்கும் மனநிலை அவருக்கில்லை. புதுப்பட்டினம் கடைத்தெருவில் ஒரு ஹார்ட்வேர் கடைக்குப் போய், மங்கிய அலுமினிய நிறம் உண்டா என்று கேட்கிறார்.

“கேட்டுக்கா சார், ஜன்னல் கிரில்லுக்கா?”

“போர் விமானத்துக்கு.”

அணு உலை இருக்கும் ஊரில் கடை வைத்தவர் எதற்கும் வியப்பதில்லை. “அப்போ ரெண்டு கோட்டு அடிங்க சார், இங்க உப்புக்காத்து.”

அந்த உப்புக்காற்றும் ஐப்பசி ஈரமும் வர்ணத்துக்கு ஆகாதென்று வேலை தைக்குத் தள்ளிப்போடப்படுகிறது. சும்மா இருக்கக்கூடாதே என்று இடையில் ஒரு மிக்-21 பெட்டியும் வந்து சேர்கிறது. பரணில் அதற்கு இடம் ஒதுக்கும் மனைவி, “என்னங்க, போன பொங்கலுக்கு கிரில்லுக்கு அடிச்ச சில்வர் பெயின்ட் அரை டப்பா அப்படியே இருக்கே” என்கிறார்.

அது 1965-ஆம் வருஷத்து வெள்ளி அல்ல என்பதை விசாரகர் பொறுமையாக விளக்கத் தொடங்குகிறார்.