கவசப் பித்தர்

கவசத்தோடு பிறந்தவன் கர்ணன் ஒருவனே ஆகையால் மற்றவர்கள் அதைத் தாமே செய்துகொள்ள வேண்டும் என்று கருதும் ஒரு வகுப்பார் இந்திய நகரங்களில் இப்போது பெருகிவருகின்றனர். அவர்களுள் மைசூருவில் வாழும் கிளையினர் தனி ஆய்வுக்கு உரியவர்கள். அறிவியல் புனைகதைப் படங்களிலும் கணினி விளையாட்டுகளிலும் தோன்றும் விண்வெளிப் போர்வீரர்களின் மார்புக்கவசம், தோள்தகடு, தலைக்கவசம் ஆகியவற்றைத் தம் உடல் அளவுக்கு வெட்டி, ஒட்டி, வண்ணம் பூசி அணிவதே இவர்களுடைய பொழுதுபோக்கு. இத்தகைய கவசப் பித்தர் பகலில் ஹெப்பால் பக்கத்து மென்பொருள் நிறுவனத்திலோ, பொறியியல் கல்லூரியின் கடைசி வரிசையிலோ சாதுவாகக் காணப்படுவார். மாலையானதும் மொட்டைமாடிக்கு ஏறிவிடுவார். சற்று நேரத்தில் அங்கிருந்து ரப்பர் பசையின் நெடி தெருவில் இறங்கும்.

இந்தப் பித்து நேற்று முளைத்ததன்று. 1939-இல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு ஃபாரஸ்ட் அக்கர்மன் என்பவர் எதிர்கால மனிதரின் உடையணிந்து வந்து இவ்வழக்கத்தின் முன்னோடி ஆனார். அவருக்கும் தமக்குமாக அவ்வுடைகளைச் செய்தவர் உடன்வந்த மிர்ட்டில் டக்ளஸ் என்னும் பெண்மணி. அணிந்தவரைப் போற்றும் நூல்கள் பலவும் செய்தவரைப் போகிறபோக்கில் குறிப்பிட்டு நகர்ந்துவிடுவதை இங்கே பதிவு செய்ய வேண்டும். கவசத்துக்குப் பின்னால் ஊசியும் நூலுமாக வேறொருவர் நிற்கும் ஏற்பாடு மைசூரு வரை சிதையாமல் வந்துசேர்ந்திருக்கிறது.

கவசம் என்றதும் இரும்பை நினைப்பவர் ஏமாறுவார். இதன் மூலப்பொருள் ஈ.வி.ஏ. என்று சுருக்கி வழங்கப்படும் எத்திலீன் வினைல் அசிடேட் என்னும் நுரைப்பொருளாகும். செருப்பின் அடிப்பாகத்திலும், குழந்தைகள் விளையாட ஒன்றோடொன்று கோத்து விரிக்கும் வண்ணத் தரைவிரிப்புகளிலும், சிலவகை யோகப் பாய்களிலும் இருப்பது இதுவே. 1933-இல் யோக ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியார் ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை நடத்தத் தொடங்கிய காலம் முதல், கோகுலம் பகுதியில் வெளிநாட்டு மாணவர்கள் பாயைத் தோளில் மாட்டிக்கொண்டு நடமாடும் இக்காலம் வரை யோகத்துக்குப் பேர்பெற்ற ஊர் ஆகையால், மைசூருவில் பாய்க்குப் பஞ்சமில்லை. ஆனால் கடைக்குள் நுழையும் கவசப் பித்தர் அது வழுக்குமா என்றோ வியர்வையைத் தாங்குமா என்றோ கேட்பதில்லை. நகத்தால் அழுத்திப் பார்க்கிறார், ஓரத்தை மடக்குகிறார், 10 மில்லிமீட்டர் தடிமனில் உண்டா என்கிறார், இருந்தால் ஆறு கொடுங்கள் என்கிறார். இத்தனை தீவிரமான சாதகரை அதுவரை கண்டிராத கடைக்காரர், குருநாதர் யார் என்று பணிவோடு விசாரிக்கிறார்.

செய்முறை தாளில் தொடங்குகிறது. முப்பரிமாண உருவத்தைத் தட்டையான தாள்துண்டுகளாக விரித்துத் தரும் பேப்பகுரா என்னும் ஜப்பானிய மென்பொருளின் துணையால் அச்சிட்ட மாதிரிகளை நுரைத்தகட்டின்மீது வைத்து வரைந்து, கத்தியால் வெட்டி, சுடுகாற்றை உமிழும் ஹீட் கன் என்னும் கருவியால் சூடேற்றி, முழங்கால்மீதோ அடுக்களையிலிருந்து இரவல் வந்த குக்கர்மீதோ பொருத்தி வளைக்க வேண்டும். சூட்டில் நுரையின் மேற்பரப்புத் துளைகள் அடைபடுகின்றன, ஆறியபின் வளைவு நிலைக்கிறது. துண்டுகளை இணைக்கும் பசையை இரு பரப்புகளிலும் தடவி, தொட்டால் ஒட்டாத அளவுக்கு உலரவிட்டு, ஒரே தடவையில் சேர்த்துவிட வேண்டும். அதன்பின் நகர்த்த இயலாது என்பதால், முகூர்த்தத்தில் விழுந்த முடிச்சைப்போல, கோணலாக ஒட்டிய தோள்தகடு ஆயுள் முழுவதும் கோணலாகவே இருக்கிறது. கேட்பவர்களுக்கு அது ஏதோவொரு கிரகப் போரில் வளைந்ததாக விளக்கம் தரப்படுகிறது.

இக்கலையின் உச்சம் அழுக்கேற்றுதல். வெள்ளி நிறம் பூசிய கவசம் புத்தம் புதிதாக மின்னினால் பொம்மையென்று தெரிந்துவிடும் ஆகையால், நீர்த்த கரிய வண்ணத்தை அதன்மீது பூசித் துடைத்து, இடுக்குகளில் மட்டும் படியவிட்டு, ஓரங்களில் உராய்வுக் கீறல்களைத் தீட்டுவர். பல இரவுகள் விழித்துச் சேர்த்த இந்த அழுக்கு, நல்லநாள் வருகிறதே என்று ஈரத்துணியோடு மாடியேறும் தாயாரின் கையால் அரைமணி நேரத்தில் நீங்கிவிடுகிறது. தாயார் இதைப் பெருமையோடு சொல்கிறார். மகன் நெடுநேரம் பேசுவதில்லை.

தந்தையாரின் நிலைப்பாடு சட்டத்தோடு தொடர்புடையது. 1977-இல் வெளியான ஸ்டார் வார்ஸ் படத்துக்கு வெள்ளைப் போர்வீரர்களின் தலைக்கவசங்களை உருவாக்கிய ஆண்ட்ரூ ஐன்ஸ்வொர்த் பிற்காலத்தில் அவற்றைத் தாமே விற்றபோது, லூகாஸ்ஃபிலிம் நிறுவனம் தொடுத்த வழக்கு பிரிட்டன் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அத்தலைக்கவசம் சிற்பம் அல்ல, படம் எடுப்பதற்குப் பயன்பட்ட ஒரு பொருளே என்று 2011-இல் தீர்ப்பாயிற்று. மைசூருத் தந்தையார் இத்தீர்ப்பின் முதற்பாதியை முழுமனத்தோடு ஏற்று, பயன்பட்டது என்னும் பிற்பாதியை வன்மையாக மறுக்கிறார். இருசக்கர ஊர்திக்கான தலைக்கவசத்துக்குரிய ஐ.எஸ். 4151 தரக்குறி இல்லாத ஒன்றை அணிந்து ஸ்கூட்டரில் காய்கறி வாங்கக்கூடப் போக முடியாது என்பது அவர் வாதம். இதற்கு மறுப்பு இதுவரை கிடைக்கவில்லை.

குடும்பம் முற்றிலும் கவசப் பித்தருக்குப் பகையாகிவிடாமல் காப்பது தசரா. அரண்மனையில் அரச குடும்பத்தார் வாள் முதலியவற்றுக்கு ஆயுத பூஜை செய்யும் நாளில், மாடியிலிருக்கும் ஹீட் கன்னும் சந்தனம் குங்குமம் பெறுகிறது. கொலுப்படியில் இடம் காலியாக இருப்பதைப் பொறாத பாட்டியாரோ தலைக்கவசத்தையே எடுத்துவந்து தசாவதார வரிசையில் கல்கிக்குப் பக்கத்தில் வைக்கிறார். இரண்டுமே இனி வரப்போகிறவை என்பதால் அந்த இடத்தில் பிழைகாண முடியாது.

அணியும் நாள் ஒன்று உண்டு. 2011-இல் டெல்லியில் தொடங்கிய காமிக் கான் என்னும் சித்திரக்கதைத் திருவிழா 2012 முதல் பெங்களூருவிலும் நடப்பதால், மைசூரு ரயிலில் கவசம் மூட்டை மூட்டையாக ஏறுகிறது. தசரா ஊர்வலத்தில் சுமார் 750 கிலோ எடையுள்ள தங்க அம்பாரியைச் சுமக்கும் யானைக்குப் பல வாரங்கள் முன்பிருந்தே மணல்மூட்டை ஏற்றிப் பயிற்சி தருகிறார்கள். கவசப் பித்தருக்கு அத்தகைய ஒத்திகை ஏதுமில்லை. நுரை இலேசானதே எனினும் காற்றையும் வெப்பத்தையும் அது விடாது. ஆகவே தலைக்கவசத்துக்குள் கணினியிலிருந்து கழற்றிய சிறு விசிறி சுழல்கிறது. உட்கார முடியாது, குனிய முடியாது, படியிறங்கும்போது படி தெரியாது, மூக்கு அரித்தால் அண்டத்தையே காக்கும் வீரர் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இந்நிலையில் உண்மையான போர் முழுவதையும் நடத்துபவர் தங்கை. கைப்பிடித்துப் படியிறக்குவதும், “அண்ணா, இடதுபக்கம் தூண்” என்று எச்சரிப்பதும், கழன்ற முழங்கால் தகட்டை உடனடிப் பசையால் ஒட்டுவதும், முகமூடியின் இடுக்கு வழியாக உறிஞ்சுகுழாயைச் செருகித் தண்ணீர் புகட்டுவதும் அவர் பொறுப்பு. சுற்றிலும் கைப்பேசிகள் உயரும்போது, படத்தில் விழாதிருக்கும்பொருட்டு ஒதுங்கி நிற்குமாறு அவரிடமே சொல்லப்படுகிறது. ஆகவே வாசகர் யாரேனும் அக்கூட்டத்தில் ஒரு விண்வெளி வீரரைப் படமெடுக்க நேர்ந்தால், இரண்டடி பின்வாங்கி, பையும் பசையுமாகப் பக்கத்தில் நிற்கும் அப்பெண்ணையும் சேர்த்து எடுக்க வேண்டும்.