கடைசிக் கம்பத்திலிருந்து ஒரு விண்ணப்பம்

பெறுநர்: உதவிப் பொறியாளர் அவர்கள், எங்கள் பகுதிப் பிரிவு அலுவலகம்.

பொருள்: லயன்மேன் வருகைக்கான முன்னேற்பாடுகள் – ஊரையே பணியில் சேர்த்துக்கொள்ள வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: "ஆள் வருவார்" என்று தாங்கள் தொலைபேசியில் அருளியது.

ஐயா,

தோட்டத்து டிரான்ஸ்பார்மரில் ஒரு பேஸ் போய்விட்டது. ஆள் வருவார் என்றீர்கள், ஏற்பாடுகளைத் தொடங்கிவிட்டோம்.

லயனில் உரசிய வேப்பங்கிளைகளைக் கழித்தாயிற்று. ஏணி கோயிலிலிருந்து வந்துவிட்டது. திருவிழா வரைக்கும் அம்மனுக்குத் தேவைப்படாது. நாயைக் கட்டிவிட்டோம். இளநீர்க் குலை இறங்கிவிட்டது. அவரை அழைத்துவர பைக்கோடு ஒரு பையன் நிற்கிறான், பெட்ரோல் எங்கள் செலவு. எர்த் குழியில் கரியும் உப்பும் போட்டு, ஈரம் காயாமல் குடம் குடமாக ஊற்றுகிறோம். அதுவும் கயிறு போட்டுச் சேந்திய தண்ணீர். மோட்டார் ஓடினால் தங்களுக்கு ஏன் எழுதுகிறோம்?

1990 முதல் தமிழ்நாட்டில் விவசாயிகள் அனைவருக்கும் இலவச மின்சாரம். நன்றி மறக்கவில்லை. மின்சாரத்துக்குத்தான் காசில்லை, அது வந்து சேரும் வழிக்கு உண்டு. போன கோடையில் டிரான்ஸ்பார்மரே எரிந்தபோது அதை ஏற்றிப்போன டிராக்டர் வாடகையை ஏக்கர் கணக்கில் பிரித்துக் கட்டினோம்.

வருகிறவரைக் குறை சொல்லவில்லை. நாலு ஊருக்கு அவர் ஒருத்தர். அவர் வரும்வரை கெப்பாசிட்டர் போட்டு மோட்டாரை இரண்டு பேஸில் ஓட்டலாம் என்று பக்கத்துத் தோட்டத்து மாமா சொல்கிறார். மூன்று பேஸ் இழுக்க வேண்டிய பாரத்தை இரண்டு இழுத்தால் காயில் கருகிவிடும். காலியிடங்களை நிரப்பாத தங்களுக்கு இது புதுச் செய்தியாக இருக்கலாம்.

பொறுக்கமுடியாமல் ஏபி சுவிட்சைத் தாங்களே இறக்கிவிட்டு மேலே ஏறுகிறவர்களும் இங்கே உண்டு. பக்கத்தில் யாராவது லயனைப் பிரிக்காமல் ஜெனரேட்டர் போட்டால் அதே கம்பியில் கரண்டு திரும்பி வரும். ஏறியவர் அதை வந்து சொல்லப்போவதில்லை.

எனவே எங்களையே பணியில் எடுத்துக்கொள்ளுங்கள். வேலையில் பாதியை ஏற்கெனவே பார்க்கிறோம். சம்பளம் பிறகு பேசிக்கொள்ளலாம். ரப்பர் கையுறை மட்டும் முதலில் வரட்டும்.

இப்படிக்கு,
கடைசிக் கம்பத்து நுகர்வோர்

இணைப்பு: பியூஸ் கம்பி, ஒரு சுருள். தங்கள் அலுவலகத்தில் இருப்பு இல்லையாமே.