கட்டையியல்: மூன்றரைக் கட்டை இல்லாமை குறித்த ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

துணியை மீட்டரிலும் தங்கத்தைப் பவுனிலும் அளக்கும் தமிழர், குரலை மட்டும் கட்டையில் அளக்கிறார்கள். "அண்ணா, சுருதி என்ன?" என்பார் மிருதங்கக்காரர். "ஒண்ணரைக் கட்டை" என்பார் பாடகர். பேச்சு அதோடு முடிந்தது. அது எந்தக் கட்டை, யார் வீட்டுக் கட்டை என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. ஒருவரும் கேட்காத கேள்விக்கு விடை காண்பதே ஆய்வாளர் கடமை.

2. வரையறை

கட்டை என்பது ஆர்மோனியத்தில் விரல் அழுத்தும் மரத்துண்டு. மேலை இசையார் 'சி' என்னும் வெள்ளைக் கட்டை நமக்கு ஒன்று. அங்கிருந்து எண்ணிக்கொண்டு போனால் 'பி' ஏழு. இடையில் கறுப்புக் கட்டைகள் ஐந்து: ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. ஒரு கட்டையில் பாடும் ஆணின் ஷட்ஜம் வினாடிக்குச் சுமார் 131 அதிர்வு. ஐந்து கட்டையில் பாடும் பெண்ணுக்குச் சுமார் 196. பியானோவில் கட்டைகள் 88. இடக்கோடியில் இருப்பது 'ஏ' என்பதால், நம் கணக்கில் அந்த வாத்தியம் ஆறில் தொடங்கி ஒன்றில் முடிகிறது.

'எட்டுக் கட்டையில் கத்துவது' என்ற வழக்கும் பரிசீலிக்கப்பட்டது. எட்டாவது வெள்ளைக் கட்டை மறுபடியும் 'சி'. எனவே அப்படிக் கத்துபவர் உண்மையில் ஒரு கட்டைக்காரரே; மேல் ஸ்தாயிக்குக் குடிபோயிருக்கிறார், அவ்வளவுதான். 'கட்டைக் குரல்', 'கட்டையில போறவனே' ஆகியவை இவ்வாய்வின் எல்லைக்கு வெளியே. பின்னதை உச்ச ஸ்தாயியில் மட்டுமே கேட்க முடிகிறது என்பதைப் பதிவு செய்வதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

3. அளவுகோலின் கோணல்

மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே கறுப்புக் கட்டை கிடையாது. ஆகவே மூன்றிலிருந்து நான்குக்குப் போகும் தூரமும், ஒன்றிலிருந்து ஒன்றரைக்குப் போகும் தூரமும் ஒன்றே. பெங்களூரு சிக்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடைக்காரர் நான்காவது முழத்தை மட்டும் அரை முழமாக அளந்தால் கடை முன்னே கூட்டம் கூடிவிடும். சபாவில் எவரும் வாய் திறப்பதில்லை.

ஏழரைக் கட்டையும் இல்லை. ஏழுக்கு அடுத்த சுரம் மறுபடியும் ஒன்று. இது ஒலியியல் தரும் காரணம். ஏழரையைத் தலைமேல் வைத்துக்கொண்டு எந்த வித்வானும் மேடையேறத் துணிய மாட்டார் என்ற சோதிடக் காரணம் இதைவிட வலுவானது.

4. பெங்களூருத் தரவுகள்

இந்த ஆய்வுக்கு பெங்களூரைவிடப் பொருத்தமான களம் இல்லை. தார்வாடிலிருந்து இந்துஸ்தானியும் மைசூரிலிருந்து கர்நாடக சங்கீதமும் வந்து சேரும் ஊர் இது. அடுக்ககத்தில் மேல்மாடிக் குழந்தை பியானோ கிரேடு தேர்வுக்குச் சாதகம் செய்கிறது. ஒரே கறுப்புக் கட்டை அதற்கு 'டி ஷார்ப்', கீழ்வீட்டு மாமிக்கு 'இரண்டரை', எதிர்வீட்டுக் கயால் பாடகருக்கு 'காலி தோ', அதாவது கறுப்பு இரண்டு. இந்துஸ்தானியார் வெள்ளையையும் கறுப்பையும் தனித்தனியே எண்ணுபவர்கள்.

இனி இவ்வாய்வின் தலையாய கண்டுபிடிப்பு. ஒன்றரை அவர்களுக்குக் கறுப்பு ஒன்று. இரண்டரை, கறுப்பு இரண்டு. வேறுபாடு அரை. நாலரையோ கறுப்பு மூன்று; ஐந்தரை, நான்கு; ஆறரை, ஐந்து. வேறுபாடு திடீரென ஒன்றரையாகிவிடுகிறது. எங்கே தவறியது அந்த ஒன்று? மூன்றரைக் கட்டை இருந்திருக்க வேண்டிய இடத்தில்! இல்லாத ஒரு கட்டை இரண்டு சங்கீதங்களின் கணக்கையும் கலைத்துவிட்டிருக்கிறது.

மூன்று கணக்கையும் ஒரே தலையில் தாங்கியிருக்கக்கூடியவர் மைசூர் மகாராஜா ஜெயசாமராஜேந்திர உடையார். அவர் பியானோ பயின்றவர். 94 கீர்த்தனைகள் இயற்றியவர். ருஷ்ய இசையமைப்பாளர் மெட்னரின் மூன்றாவது பியானோ கான்செர்ட்டோ சமர்ப்பிக்கப்பட்டதும் அவருக்கே. மற்ற குடிமக்களுக்கு மாற்றுப் பட்டியல் ஒன்று தேவை.

5. பெட்டி வழக்கு

ஆர்மோனியத்துக்கு பாரீஸில் 1842-இல் காப்புரிமை பெற்றவர் தெபேன். தரையில் உட்கார்ந்து ஒரு கையால் துருத்தி போடும்படி அதை மாற்றிய பெருமை கல்கத்தாவின் துவாரகாநாத் கோஷைச் சேரும். நாடக மேடை அதைக் கொண்டாடியது. பண்டிதர்கள் முகம் சுளித்தார்கள். அழுத்தினால் ஒரே சுரத்தில் நிற்கும் கட்டை கமகத்துக்கு வளையாது என்பது குற்றச்சாட்டு. அகில இந்திய வானொலி 1940-இல் ஆர்மோனியப் பெட்டிக்குக் கதவடைத்து, 1971-இல்தான் ஓரளவு திறந்தது.

கதவடைத்த சங்கீதமோ தன் சுருதியை அந்தப் பெட்டியின் எண்ணால்தான் சொல்லிக்கொண்டிருந்தது. பெங்களூரின் ராடெல் நிறுவனம் தந்த மின்னணுத் தம்பூராவில் குமிழ் உண்டு, கட்டை இல்லை. அதைத் திருகியபடியே "அஞ்சு கட்டை வையுங்கோ" என்கிறார்கள். விசைப்பலகையையே நகர்த்தும் 'ஸ்கேல் சேஞ்சர்' ஆர்மோனியத்தில் ஒன்றை அழுத்தினால் இரண்டு ஒலிக்கும். கட்டை இடம் மாறினாலும் எண் மாறுவதில்லை.

6. முடிவும் பரிந்துரையும்

(அ) கமகம் பாடத் தகுதியற்றது என்று தீர்ப்பான கருவியின் எண்ணைக் கேட்காமல் இங்கே எந்தக் கச்சேரியும் தொடங்குவதில்லை.

(ஆ) பெங்களூரு அடுக்ககங்களின் அறிவிப்புப் பலகையில், தண்ணீர் லாரி நேரத்துக்குக் கீழே, ஐந்து கறுப்புக் கட்டைகளின் மும்மொழிப் பெயர்களையும் ஒட்டிவைக்க வேண்டும்.

(இ) மூன்றரைக் கட்டையை எவரும் புதிதாகச் செய்து நிரப்பிவிடக் கூடாது. மூன்றிலும் நிற்காமல் நான்கையும் எட்டாமல் பாடுவோர் எல்லாச் சபாக்களிலும் இருக்கிறார்கள். "நேற்றுக் கச்சேரி எப்படி?" என்று அவர்களுடைய மாமனாரே கேட்கும்போது, உண்மையும் உறவும் கெடாமல் சொல்ல ஒரு விடை வேண்டும்: "மூன்றரைக் கட்டை, சார். அபூர்வம்."