மேப் போடுகிறவர்

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 விளையாட்டை வாங்கி, அதை விளையாடாமல், அதற்குள் இருக்கும், மேப் உருவாக்கும் சினாரியோ எடிட்டரிலேயே குடியேறிவிடுபவர் மேப் போடுகிறவர். 1999-இல் வந்த இந்த விளையாட்டை மற்றவர்கள் திறப்பது ஜெயிக்க. இவர் திறப்பது பிறர் தோற்பதற்கு ஏற்பாடு செய்ய. வார்கிராஃப்ட் 3 எடிட்டரிலும் இவருடைய இனத்தார் உண்டு. டோட்டா என்ற உலகப்புகழ் ஆட்டம் அங்கே ரசிகர்கள் போட்ட மேப்பாகத்தான் தொடங்கியது. வீட்டில் அரியர் பேப்பர் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் இந்தத் தகவலை அவர் வெளியிடுவார்.

திருவண்ணாமலையில் வளரும் வகை முதலில் போடுவது கிரிவலப் பாதையைத்தான். நடுவில் மலை, சுற்றிலும் 14 கிலோமீட்டர் பாதை, எட்டுத் திசைக்கு எட்டு லிங்கம். ஆட்டத்திலும் அதிகபட்சம் எட்டு பேர்! இதைத் தற்செயல் என்று அவரிடம் சொல்லிப் பயனில்லை. குபேர லிங்கத்தருகே மட்டும் கூடுதலாகத் தங்கச் சுரங்கம் வைத்தால் சமநிலை கெடும் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தே வைப்பார். யம லிங்கத்தில் இடம் கிடைத்தவர் ஆட்டம் முடியும்வரை முறையிட்டுக்கொண்டிருப்பார்.

சிக்கல் மலையிலிருந்து தொடங்குகிறது. எண்ணூறு மீட்டருக்கு மேல் நிற்கும் அண்ணாமலையைப் பழைய எடிட்டர் தரும் ஏழு மேட்டு நிலைகளுக்குள் அடக்க வேண்டும். கார்த்திகை தீபக் கூட்டத்தையோ ஓர் ஆட்டக்காரருக்கு 200 பேர் என்ற வரம்புக்குள் அடக்க வேண்டும். மாநகராட்சிக்கே இல்லாத கவலை இது. பௌர்ணமி இரவில் ஊரே மலையைப் பார்த்து நடக்க, இவர் கூட்டத்தைப் பார்த்து நடப்பார். சுண்டல் வண்டி ஒன்று பாதையை அடைத்து, ஜனம் இரண்டாகப் பிரிந்து மறுபடி சேர்ந்தால், “பாத்ஃபைண்டிங் பரவாயில்லை” என்பார். உடன் வரும் அம்மா அதை மந்திரம் என்று எடுத்துக்கொள்வார்.

அடுத்த பருவம் வரலாறு. 1767 செப்டம்பரில் கர்னல் ஜோசப் ஸ்மித்தின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை ஹைதர் அலியையும் நிஜாமையும் முதலில் செங்கத்திலும், பிறகு திருவண்ணாமலையிலும் முறியடித்தது. மேப் போடுகிறவர் ஆட்டக்காரருக்குத் தருவது ஹைதரின் படையை. தோற்ற கட்சியைக் கொடுத்து ஜெயிக்கச் சொல்வதுதான் இந்தக் கலையின் பண்பு. விளையாட்டின் காலத்தில் துப்பாக்கிப் படை ஓரளவுக்கே உண்டு என்பதால், கம்பெனிச் சிப்பாய்களில் பாதிப் பேர் வில் ஏந்தி வருவார்கள். அக்காலப் போர்களில் அண்ணாமலையார் கோயிலின் மதில்களே கோட்டையாகப் பயன்பட்டவை. ஆனால் இவருடைய மேப்பில் 66 மீட்டர் ராஜகோபுரத்தின் மேல் ஒரு கல்கூடப் படாது. அதன் ஆயுளை ட்ரிக்கர் போட்டு லட்சக்கணக்கில் ஏற்றி வைத்திருப்பார். வரலாறு வேறு, பயபக்தி வேறு.

ட்ரிக்கர் என்பது “இது நடந்தால் அது நடக்கட்டும்” என்ற ஏற்பாடு. கணவாயில் ஹைதரின் குதிரை நுழைந்தால் காட்டிலிருந்து சிப்பாய்கள் பாய வேண்டும். நுழைந்தால்தானே? சோதனைக்கு உட்காரும் சித்தி மகன் கணவாய்ப் பக்கமே போகமாட்டான். ஜவ்வாது மலைக் காட்டை வில்லேஜர்களை விட்டு வெட்டி, பின்பக்கமாக வழி போட்டுவிடுவான்.

“டேய், அப்படி விளையாடக் கூடாதுடா.”

“மரம் வெச்சது நீதானே அண்ணா?”

மறுநாள் ஜவ்வாது காடு முழுக்கச் செங்குத்துப் பாறையாக மாறியிருக்கும். மேப் போடுகிறவரின் நிலவியல் இப்படித்தான் உருவாகிறது. ஒவ்வொரு பாறைக்குப் பின்னாலும் ஒரு தம்பி இருக்கிறான்.

முற்றிய நிலையில் செஞ்சிக்குப் போவார். மூன்று மலைக் கோட்டை, முகலாயத் தளபதி சுல்பிகர் கான், 1690 முதல் 1698 வரை முற்றுகை. உள்ளே சிக்கிய மராட்டிய அரசர் ராஜாராம் தப்பித்தால் வெற்றி. சித்தி மகன் முதல் நிமிடத்திலேயே ராஜாராமைக் குதிரையேற்றி அனுப்பி ஜெயித்துவிட்டான். இப்போது எட்டு வருடம் முடியும்வரை கோட்டைக் கதவு திறக்காதபடி ட்ரிக்கர் போடப்பட்டிருக்கிறது. ஆட்டக் கணக்கில் எட்டு வருடமா, காலண்டர் கணக்கிலா என்று தம்பி கேட்டிருக்கிறான். இன்னும் முடிவாகவில்லை.